மஞ்சளுக்கு நிறம் மட்டும் போதாது

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள், கொங்கு மண்ணின் பெருமை. ஆனால் சந்தையில் மஞ்சளின் பளபளப்புக்கும் விலை உண்டு. பளபளப்புக்கு விலை தரும் இந்தப் பழக்கம்தான் ஆபத்தின் வேர். மங்கிய கிழங்குக்குப் பாலிஷ் போடும்போது ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சேர்க்கும் மோசடி தெற்காசியாவில் பல இடங்களில் உறுதியாகியுள்ளது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கும் அதிகமான ஈயத்தைக் கண்டது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதோ 10 மில்லிகிராம்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும். சமைத்தாலும் அது அழியாது.

மஞ்சளைச் சோதிக்க வேண்டும் என்றால், 'எங்கள் மஞ்சள் சுத்தமானது, சோதனை விவசாயிக்குச் சுமை' என்பார்கள் சிலர். உண்மையில் விவசாயி வேகவைத்துக் காயவைத்த கிழங்கில் இந்த நிறமி இல்லை. அது பெரும்பாலும் அடுத்த கட்டங்களில்தான் சேர்கிறது. எனவே பாலிஷ் ஆலைகளையும் அரவை ஆலைகளையும் மொத்தச் சந்தையையும் சோதித்தால் போதும். செலவை வணிகமே ஏற்க வேண்டும். 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்ற வாதமும் நிற்காது. வங்கதேசம் 2019-இல் மொத்தச் சந்தையில் கையடக்க எக்ஸ்ரே கருவியால் சோதித்து, அபராதம் விதித்து, மக்களையும் எச்சரித்தது. அங்கே 47 சதவீத மாதிரிகளில் இருந்த கலப்படம் 2021-இல் பூஜ்யமானது. அதே சோதனையை ஈரோட்டுச் சந்தையில் தொடங்கி, முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். நேர்மையான விவசாயிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.