தோட்டமும் ஊரே

மாத்தளை மலைச்சரிவுகளில், பேருந்து திரும்பிச் செல்லும் இடத்துக்கும் அப்பால் மக்கள் வாழ்கின்றனர். கோவில் உண்டு, பிள்ளைக் காம்பரா உண்டு, வரிசையாக லயங்கள் உண்டு. ஆயினும் அவ்விடத்தை ஊர் என்பாரில்லை. தோட்டம் என்றே சொல்கின்றனர்.

இது வெறும் சொல் வேறுபாடன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், பொதுப்பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக நின்றது. அயற்கிராமத்துக்கு வந்த பாதை தோட்டத்து எல்லையிலே நின்றுவிட்டதன் காரணம் இதுவே. 2018இல் சட்டம் திருந்தியது. ஆனால், தலைமுறைகளாகக் குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி இல்லாதவர் இன்றும் பலர். கூரை ஒழுகினாலும் நிர்வாகத்தின் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர்களின் முன்னோர் யாவர்? 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வருமுன், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காடு கடந்து கால்நடையாக வந்தவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் அநேகர். எஞ்சியோர் கோப்பி நட்டனர். பின்னர் தேயிலை நட்டனர். அவர்தம் சந்ததியாருக்கு 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சிய நாடற்றோரின் குறையைத் தீர்க்க வழிசெய்தது.

நாட்டில் உரிமை பெற்றவருக்கு வீட்டில் உரிமை இல்லையென்பது என்ன நியாயம்? வீட்டுக்கு உறுதியும் ஊருக்கு முகவரியும் வழங்குவது தானமன்று. நெடுநாள் தீராத கடன். அதைத் தீர்க்க அரசு இனியும் தவணை கேட்கலாகாது.