கால்குலேட்டருக்கு சக்கரம் முளைச்சா...

ரோபோன்னு சொன்னதுமே நம்ம பசங்க லேப்டாப், கேமரான்னு பட்ஜெட் போட ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா அமெரிக்காவில் ஸ்கூல் பசங்க கணக்குப் பாடத்துக்கு வாங்கின கால்குலேட்டரை வெச்சே குட்டி வண்டி ஓட்டியிருக்காங்க பாஸ்!

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1999-ல் விட்ட டிஐ-83 பிளஸ்தான் அதில் பிரபலமான ஹீரோ. உள்ளே 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்-80 சிப். புரோகிராம் எழுத 24 கேபி இடம். அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஹெட்போன் ஜாக்கோட தம்பி மாதிரி, 2.5 மி.மீ. ஒரு கால்குலேட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு புரோகிராம் அனுப்பத்தான் அதை வெச்சாங்க. பசங்க கேம்ஸ் அனுப்பினாங்க, அது வேற கதை.

அந்த ஜாக்கில் மூணே தொடர்பு. ஒண்ணு கிரவுண்ட், மத்த ரெண்டும் சிக்னல். சும்மா இருக்கும்போது ரெண்டு சிக்னலும் 'ஹை'. அசெம்பிளியில் போர்ட் 0-க்கு ஒரு எண் எழுதினா, நீங்க சொல்ற கம்பி 'லோ'வுக்கு இறங்கும். ரெண்டு கம்பின்னா நாலு நிலை. இப்போ வண்டியைப் பாருங்க. இடது சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஓடினா நேரா போகும். இடது மட்டும் ஓடினா வலப்பக்கம் திரும்பும், வலது மட்டும் ஓடினா இடப்பக்கம். ரெண்டும் ஓடலைன்னா நிக்கும். நாலுக்கு நாலு சரியாப் போச்சு! ரிவர்ஸ் மட்டும் கிடையாது.

மோட்டாரை நேரா அந்தக் கம்பியில மாட்டிடாதீங்க. அதில் வர்றது துளியூண்டு கரன்ட். நடுவுல டிரான்சிஸ்டர், மோட்டாருக்குத் தனி பேட்டரி, மோட்டார் குறுக்கே ஒரு டயோடு, எல்லாத்துக்கும் பொது கிரவுண்ட். இன்னொரு வில்லங்கம், சும்மா இருந்தாலே 'ஹை'ன்னு சொன்னேன் இல்லையா? அதனால 'லோ' வந்தா மோட்டார் ஓடுற மாதிரி சர்க்யூட்டைக் கட்டணும். இல்லேன்னா பிளக்கைச் சொருகினதுமே வண்டி கிளம்பப் பார்க்கும்.

அசெம்பிளின்னா அலர்ஜியா? டிஐ-பேசிக்கில் 'சென்ட்', 'கெட்'னு ரெண்டு கட்டளை உண்டு. சென்சார் கருவிகளோட பேச வெச்சது. நார்லாண்ட் ரிசர்ச்னு ஒரு அமெரிக்க நிறுவனம் இதைப் பிடிச்சுக்கிட்டு, கால்குலேட்டரை முதுகில் சுமந்துக்கிட்டுப் போற ரோபோவையே வித்தது. நடுவுல ஒரு மைக்ரோகன்ட்ரோலர் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கும்.

2017-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸே ரோவர்னு ஒண்ணை இறக்கிச்சு. 'ஃபார்வர்ட் 5'னு அனுப்பினா அரை மீட்டர் போகும். ஜோரா இருக்கு, ஆனா என் ஓட்டு அந்த ரெண்டு கம்பிக்குத்தான். ரோவர்ல உள்ளே என்ன நடக்குதுன்னே தெரியாது. கட்டளைகளை வரிசையில போட்டு வெச்சுக்கிட்டு அது மெதுவா ஓடும். கால்குலேட்டர் அதுக்குள்ள புரோகிராமையே முடிச்சிருக்கும். இது தெரியாம, அரை மீட்டர் தாண்டின இடத்துல சுவர் எவ்வளவு தூரம்னு கேட்டா, கிளம்பின இடத்துக் கணக்கைச் சொல்லும்.

நம்ம எக்ஸாம் ஹாலுக்குக் கொண்டு போற 991-ல் புரோகிராமும் எழுத முடியாது, வெளியே கம்பி இழுக்கவும் வழி இல்லை. பரவாயில்லை. எந்த மைக்ரோகன்ட்ரோலரா இருந்தாலும் ரெண்டே பின் போதும், அதே நாலு நிலைதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை கடையில ரெடிமேடா வாங்கி, வைவாவில் 'இந்த ஒயர் எதுக்குப்பா?'ன்னு கேட்டதும் முழிக்கிறவங்க இதை ஒரு ஞாயித்துக்கிழமை கட்டிப் பார்க்கலாம்.

கட்டினதும் முதல் வேலையா, சென்சார் எதுவும் இல்லாம, நேரத்தை மட்டும் வெச்சு வண்டியைச் சதுரமா ஓட விடுங்க. தரையில சாக்பீஸ் கோடு போட்டுக்கோங்க. புது பேட்டரியில ஒரு தடவை, அதே பேட்டரி அரை மணி நேரம் ஓடின பிறகு இன்னொரு தடவை. ரெண்டாவது தடவை சதுரம் மூடுதான்னு பாருங்க!