அரைப் பேர்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். போன மாதமும் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என்ன இருந்தாலும் நம்ம ஆளு ஒருத்தர் மந்திரியா இருக்கணும் தம்பி. இல்லாட்டி யாரு நம்மள பாக்குறது?" கடையிலிருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள். 2024 நவம்பரில் மலையகத்தின் பாரம்பரியத் தொழிற்சங்கத் தலைவர் எவரும் இல்லாத அமைச்சரவை கொழும்பில் அமர்ந்ததிலிருந்து இந்தத் தலையாட்டல் கூடியிருக்கிறது.

மலையகத்தில் இதை மறுத்துப் பேசுவது மாரியம்மன் தேரை நடுரோட்டில் மறிப்பது மாதிரி. இருந்தாலும் மறிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மந்திரி ஒருவர் இருந்தால் பிரதிநிதித்துவம் வந்துவிட்டது என்ற நம்பிக்கை பொய். வெறும் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். மலையகத் தமிழரான நம்மை விலைபேச மற்றவர்களுக்கு வசதி செய்துகொடுத்ததே இந்த நம்பிக்கைதான்.

ஒரே ஒரு சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டங்களுக்குள் கிராமத்தில் செலவிடுவதைப் போலச் செலவிட முடியாதபடி குறுக்கே நின்றது. லயத்தில் இருப்பவர் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். அவர் வாக்கில் உறுப்பினர் தெரிவாகலாம். ஆனால் லயத்துக்குப் போகிற ரோட்டில் சபை ஒரு கூடை கல் கொட்டுவதற்குச் சட்டம் யோசித்தது. தோட்டம் தனியார் நிலமாம், துரையின் பொறுப்பாம். இந்தச் சட்டம் நிறைவேறிய நாளில் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். 1978 முதல் இருந்தார். மலையகம் கண்டவர்களில் பேரம் பேசுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர் கிடையாது. அவர் மேசையில் இருக்கும்போதே அந்த 33 உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அது வெளியேற 2018 ஆயிற்று. முப்பத்தொரு வருடம். அதற்கிடையில் நம்மவர்கள் வகித்த அமைச்சு, பிரதியமைச்சு, இராஜாங்க அமைச்சு எல்லாவற்றையும் எண்ண இரண்டு கை விரல்களும் போதாது. பாராளுமன்றத்தில் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசியவர் நுவரெலியா மாவட்ட உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜ். மந்திரிப் பதவி எதுவும் இல்லாத பின்வரிசை உறுப்பினர். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு அவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அது அவர் குற்றமில்லை. கொடி கட்டிய வாகனம் வந்தால் பார்ப்போம். சட்டப் பிரிவு வந்தால் யார் பார்க்கிறார்கள்?

இனி எல்லைக்கோட்டுக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் மக்கள் 711,644. அன்றைய பிரதேச செயலகப் பிரிவுகள் ஐந்து. ஹங்குராங்கெத்தவில் 88,528 பேர், கொத்மலையில் 101,180, வலப்பனையில் 104,119. தோட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் மற்ற இரண்டில்? அம்பகமுவவில் 205,723, நுவரெலியாவில் 212,094. அதே மதிப்பீட்டில் நெடுந்தீவு என்றொரு பிரதேச செயலகப் பிரிவு, நாலாயிரம் பேர்கூட இல்லாமல் இருந்தது. நெடுந்தீவு மக்களுக்கு ஒரு செயலகம் இருப்பது நியாயம்தான். கடல் தாண்டி வரச் சொல்லமுடியாது. ஆனால் அங்கே நாலாயிரத்துக்கு ஒரு பிரதேச செயலாளர், இங்கே அன்று இரண்டு இலட்சத்துக்கு ஒருவர். ஒரு மேசை, ஒரு கையெழுத்து, ஒரு வரிசை.

அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இது புள்ளிவிவரமல்ல. அம்பகமுவ செயலகம் கினிகத்தேனையில். அப்போது பொகவந்தலாவையிலிருந்து ஒரு பத்திரம் எடுக்க வேண்டுமானால் விடியற்காலை பஸ் ஏறி ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ். ஐயா இல்லையென்றால் இன்னொரு நாள். போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர் போச்சு.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமல்ல. செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பதிகிற பேர்தான் நாட்சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் 'அரைப் பேர்' விழும். காலையிலிருந்து அட்டைக்கடி பட்டு மலையேறி இறங்கியவள் ஏட்டில் பாதி ஆளாகிவிடுவாள். என் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். கூடையின் பாரத்தைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அரைப் பேர் விழுந்த நாட்களைத் தேதி வாரியாகச் சொல்வார்.

இந்த அரைப் பேர்க் கணக்கைத் தோட்டத்துரைமார் வருவதற்கு முன்பே அமெரிக்கர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசியலமைப்பு எழுதிய கனவான்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஆசனம் என்று தீர்மானிக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணவேண்டும். அடிமைக்கு வாக்கு கிடையாது. ஆனால் அவன் உடம்பைக் காட்டி எஜமானின் மாநிலம் கூடுதல் ஆசனம் வாங்கிக்கொள்ளலாம். பலர் இதைப் படித்துவிட்டு, 'கறுப்பு மனிதனை முழு மனிதனாகக்கூட எண்ணவில்லையே' என்று வருந்துவார்கள். முழுதாக எண்ணியிருந்தால் எஜமானுக்கு இன்னும் இலாபம். உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் பதினான்காம் திருத்தம் வந்துதான் அந்தக் கணக்கு ஒழிந்தது. தேயிலைக்கு விதித்த வரியை எதிர்த்து, 'எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம்' என்று 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய ஊர்க்காரர்களின் நாடு அது. தேயிலை பறிப்பவளின் பிரதிநிதி எங்கே என்று நாம் கேட்டால் மட்டும் அது சில்லறைக் கேள்வியாகிவிடுகிறது.

இலங்கையில் ஐந்துக்கு மூன்று என்ற கஞ்சத்தனம் இல்லை. முழுதாகவே எண்ணினார்கள். சோல்பரி அரசியலமைப்பில் 75,000 ஆட்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம். 'ஆட்கள்' என்றுதான் இருந்தது, 'வாக்காளர்' என்று இல்லை. 1947 தேர்தலில் நம்மவர்கள் ஏழு பேர் தெரிவானார்கள். தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டமான். அதைப் பொற்காலம் என்று சொல்லி மாலை போடுபவர்கள் கணக்கையும் பார்க்கவேண்டும்: 1946இல் நாட்டு மக்களில் நாம் 11.7 சதவீதம். தெரிவான 95 ஆசனங்களில் ஏழு. அன்றைக்கே நமக்கு முழுப் பேர் விழவில்லை.

1948இல் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். வாக்காளர் இடாப்பிலிருந்து நம் பெயர்கள் போயின. ஆனால் நம் தலைகளைக் காட்டி வரைந்த தொகுதிகள் போகவில்லை. அவை அப்படியே இருந்தன. 1952இல் அவற்றை மிச்சமிருந்த சில ஆயிரம் வாக்காளர்கள் நிரப்பினார்கள். நம்மவர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1959இல் எல்லைகள் மறுபடி வரையப்பட்டபோதும், மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்று பார்க்க நாடற்றவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தாரின் ஒரு வாக்கு நம் உடம்பின் பாரத்தையும் சேர்த்துத் தராசில் ஏறியது. 1964இல் 975,000 பேரை இரு நாடுகள் பிரித்துக்கொண்டன: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேர் விவகாரம் பிறகு. நம்மில் ஒருவர் மறுபடி வாக்கால் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருந்தோம். அதுவும் நுவரெலியா-மஸ்கெலியா மூவர் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக.

இந்த வரலாற்றைச் சொன்னால் கணக்கப்பிள்ளை ஐயா போன்றவர்கள் விடும் பதில் ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளமுடியாது. "தொண்டமான் மந்திரியா இருந்ததாலதானே 88ல பிரஜாவுரிமை கெடைச்சுச்சு?" 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர் என்ற முத்திரையைப் பெரும்பாலும் கழுவியது உண்மை. அதில் அவர் பங்கை மறைப்பவன் நன்றிகெட்டவன். ஆனால் அதற்கு முன் 1986 ஜனவரியில் என்ன நடந்தது? பிரார்த்தனைப் போராட்டம் என்ற பெயரில் தோட்டங்களில் வேலை நின்றது. கொழுந்து முற்றியது. ஏற்றுமதி வருமானத்தைத் தேயிலையில் கட்டிவைத்திருந்த அரசு பேச்சுக்கு வந்தது. மந்திரியின் பேச்சுக்குக் கனம் கொடுத்தது கூடையை இறக்கிவைத்த கைகள். பிறகு வந்தவர்கள் நாற்காலியை மட்டும் சுவீகரித்துக்கொண்டார்கள். 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய்ச் சம்பளக் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆறு வருடத்தில் நமது இரண்டு தொழிற்சங்க முகாம்களிலிருந்தும் மாறிமாறி நமக்கு மந்திரிகள் இருந்தார்கள். ஆயிரம் கைக்கு வந்தபோது பருப்பு விலையும் ஏறிப் போய்விட்டிருந்தது.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று. அதற்கு மறுபடி அமெரிக்காவுக்குப் போகவேண்டும். அலபாமா மாநிலத்தில் மக்களில் கால்வாசிக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர். மாநிலத்துக்கு ஏழு ஆசனங்கள். எல்லைக்கோட்டை நெளித்து, கறுப்பின வாக்காளர்களில் முடிந்தவரை பலரை ஒரே தொகுதிக்குள் அடைத்தார்கள். அங்கே அவர்கள் ஆள் நிச்சயம் வெல்வார். மற்ற ஆறு உறுப்பினர்களும் அவர்கள் தெருப்பக்கம் தலைகாட்டாமலே வெல்லலாம். 'உங்க ஆளு ஒருத்தர்தான் இருக்காரே' என்று சொல்லிவிடலாம். அங்குள்ளவர்கள் தலையாட்டவில்லை, வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடத் தேர்தலில் இரண்டாவது ஆசனமும் வந்தது. அமெரிக்க ஜனநாயகம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லவில்லை. கட்சி இலாபத்துக்காகத் தொகுதியை நெளித்தால் மத்திய நீதிமன்றங்கள் தலையிடாது என்று 2019இல் தீர்ப்புச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆனால் ஒருவரைக் கொடுத்து வாயை அடைக்கும் வித்தையை அலபாமாக்காரர்கள் அடையாளம் கண்டார்கள்.

நமக்கு அந்த வித்தை மந்திரிப் பதவி வடிவில் வந்தது. கொழும்பில் சுகாதார அமைச்சு இருக்கிறது, வீடமைப்பு அமைச்சு இருக்கிறது, காணி அமைச்சு இருக்கிறது. தோட்டத்து ஆளுக்கு மட்டும் தோட்ட உட்கட்டமைப்பு, மலைநாட்டுப் புதிய கிராமங்கள் என்று தனி வாசல் இருந்தது. வீடா? உங்க மந்திரியைக் கேளுங்க. தண்ணியா? உங்க மந்திரி. காணியின் பத்திரமா? அதுவும் அவர். வீடமைப்பு அமைச்சர் நம் லயத்துக்குப் பதில்சொல்ல வேண்டியதில்லை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். 1987இல் கிராமத்தையும் தோட்டத்தையும் பிரித்த 33ஆம் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து போன பிறகும், அமைச்சரவை மேசையில் வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது. 'நம்ம மந்திரி' என்று நாம் பெருமைப்பட்டபோதெல்லாம் மற்ற மந்திரிகள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.

இரத்தினபுரியை யோசியுங்கள். அங்கே நம் மக்கள் சிதறிக் கிடப்பதால் 'நம்ம ஆளு' தெரிவாகவே வழியில்லாமல் இருந்தது. 2024இல்தான் சுந்தரலிங்கம் பிரதீப் தேசிய மக்கள் சக்தியில் வென்றார். மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனதும் அந்தத் தேர்தலில்தான்: நுவரெலியாவில் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கச் சந்தாவும் அவர்கள் சம்பளத்தில்தான் பிடிக்கப்பட்டது. 'நம்ம ஆளு' என்ற சொல்லில் அவர்கள் இத்தனை வருடம் அடங்கவேயில்லை என்பதைக் கடையில் தலையாட்டிய ஐவரில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஐவரும் ஆண்கள். நானும்தான்.

2018 தேர்தலுக்கு முன் அம்பகமுவ பிரதேச சபை மூன்றானது: அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட். நுவரெலியாவும் மூன்றானது: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை. என்னைக் கேட்டால் 1988க்குப் பிறகு மலையகத்தில் நடந்த பெரிய அரசியல் சம்பவம் அது. பட்டாசு வெடித்ததாக நினைவில்லை. பிரதேச செயலகங்களைக் கூட்டும் வேலை வர்த்தமானிக்கும் அலுவலகத்துக்கும் இடையில் எத்தனை காலம் இழுபட்டது! அதற்காக எத்தனை பேர் ரோட்டில் இறங்கினார்கள்? மந்திரிப் பதவிக்காகக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா?

பிளேன்டீ முடிந்திருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா, 1978 முதல் மலையகத்துக்கு வாய்த்த மந்திரிகளை, யார் எந்த அரசாங்கத்தில் என்ன அமைச்சு என்று, ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டார். செக்ரோல் எழுதிய ஞாபகசக்தி. நான் கேட்டேன்: "ஐயா, 2025 மே மாசம் சபைத் தேர்தல் நடந்துச்சே, உங்க வட்டாரத்துல யாரு வந்தது?"

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் போயிலரைத் துடைத்துக்கொண்டே, "நம்ம பொடியன்தான், அந்த ஆட்டோ ஓட்டுற... பேரு என்னமோ வருமே" என்றார்.