இரண்டாகப் பிரிக்க வேண்டாம்
தொலைக்காட்சிக்கென ஒரு விளையாட்டுக் கருவியும் கையில் ஏந்தி ஆடுவதற்கென வேறொன்றுமாக நின்டெண்டோ மறுபடியும் பிரித்து விற்கவேண்டும் என்ற அபிப்பிராயத்தைப் படிக்கும்போதெல்லாம், 2014இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்ற ஒரே விளையாட்டை, அதே பாத்திரங்களையும் வேறு வேறு அரங்கங்களையும் கொண்டு, கைக்கருவியான த்ரீ டிஎஸ்ஸுக்கும் தொலைக்காட்சிக் கருவியான வீ யூவுக்குமாக இருமுறை உருவாக்க நேர்ந்த கலைஞர்களின் பிரயாசையே என் மனத்தில் எழுகிறது. நின்டெண்டோவின் தலைவராயிருந்து காலஞ்சென்ற சதோரு இவாட்டா 2013இல் கைக்கருவி, தொலைக்காட்சிக் கருவி ஆகிய இரு பிரிவு நிபுணர்களையும் ஒன்றுசேர்த்தது எத்தனை தீர்க்கதரிசனமான காரியம் என்பது, 2017 மார்ச்சில், இரு விதமாகவும் ஆடக்கூடிய ஸ்விட்ச் வெளிவந்தபோது விளங்கிற்று. கூடத்தில் தொடங்கிய ஆட்டத்தை ரயிலில் தொடரும் சௌகரியத்தைவிட, ஒரு படைப்புக்கு ஒருமுறை உழைத்தால் போதும் என்ற நியாயமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைக்கருவி மட்டும் வேண்டுவோருக்காக 2019இல் ஸ்விட்ச் லைட் வந்ததும் நல்லதே, அதில் ஓடுபவையும் பெரும்பாலும் அதே விளையாட்டுகள்தாம். கருவியின் உருவங்கள் எத்தனையாயினும் இருக்கட்டும். விளையாட்டுகளின் தொகுதியை மட்டும் நின்டெண்டோ மீண்டும் இரண்டாகப் பிளக்கலாகாது.