ஏரிக்கரையின் மறுபுறம்

கார்த்திகையில் பருவமழை ஓய்ந்து ஏரி நிரம்பிவிட்டதென்று தெரிந்ததும், சென்னைவாசிகள் குடும்ப சமேதராய் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வேடந்தாங்கல் சென்று, கரைமேல் சிறிது நடந்து, கோபுரமேறிப் பறவைகளைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலையை நோக்கித் திரும்பிவிடுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அவர்கள் பார்ப்பது பாதி வேடந்தாங்கல்தான் என்பது என் அபிப்பிராயம்.

பார்த்த பாதியும் அற்புதமானதே. அதை நான் மறுக்கவில்லை. எச்சம் படிந்து இலையெல்லாம் வெளுத்த நீர்க்கடம்பின் உச்சியில், கூழைக்கடாக் குஞ்சு தன் தாயின் தொங்குபைக்குள் கழுத்துவரை தலையை நுழைத்து மீனைத் துழாவியெடுப்பதைக் காண்கிறவனுக்கு, தாய்தான் குஞ்சை விழுங்குகிறதோ என்ற சந்தேகம் ஒரு கணம் எழாமலிராது. ஆனால், பக்கத்துக் கிளையில் நத்தைக்குத்தி நாரை தன் குஞ்சுக்குக் கக்கி ஊட்டும் நத்தை எங்கிருந்து வந்தது? சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சிற்றேரி அத்தனை பட்சிகளுக்கும் பிரசவ வீடாகலாமேயன்றி அன்னசத்திரமாகாது. சுற்றுவட்டாரத்து நெல்வயல்களும் ஏரி குளங்களுமே அவற்றுக்கு ஆகாரமளிக்கின்றன.

வயல்கள் பறவைகளுக்குச் சோறு போட, பறவைகளின் எச்சம் கலந்து மதகு வழியே பாயும் நீர் வயல்களுக்கு உரமாகிறது. இந்தப் பரஸ்பர உபகாரத்தை விவசாய இலாகா எதுவும் சொல்லித் தராமலே அறிந்திருந்த கிராமத்தார், துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக, அதாவது எழுத்துமூல உறுதிமொழியாக, பெற்றுவிட்டார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத அவர்களுடைய விரதத்தில் ஜீவகாருண்யத்தோடு சாகுபடிக் கணக்கும் கலந்திருக்கிறது. கலந்திருப்பதால்தான் அது இத்தனை தலைமுறை நிலைத்ததென்று நினைக்கிறேன்.

1998இல் சர்க்கார் ஏரியை மட்டுமன்றி, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தையும் சரணாலயமாக அறிவித்தது மிகவும் விவேகமான காரியம். அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டுமென்று 2020இல் எழுந்த யோசனைக்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதும் நியாயமே. 2022இல், சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது கௌரவந்தான். எனினும் அந்தக் கௌரவத்தைக் கொண்டு ஒரு நாரைக்குக்கூட நத்தை கிடைக்காது.

நகரமோ தெற்கு நோக்கி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வருகிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக் கரையேறுகிறவர்கள், முடிந்தால் மறுபுறமும் இறங்கி வரப்பில் கொஞ்சதூரம் நடந்துவிட்டு வரட்டும். அதிகாரிகளோ, அந்த வட்டத்து நஞ்சையை வீட்டுமனைகளாகப் பிரிக்க அனுமதி கேட்டு வரும் எந்த மனுவையும், ஏரிக்குள்ளேயே மண்ணைக் கொட்ட அனுமதி கேட்கும் மனுவாகப் பாவித்து, அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.