திரையில் கண்ட நிலத்துக்கு ஏங்கும் மனம்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு முற்பகலில், தண்டுவடக் காயம் அடைந்தோருக்கான பிரிவிலிருந்து என்னை அழைத்தார்கள். கட்டட வேலையின்போது சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்திருந்த 26 வயது இளைஞர் ஒருவர் இரண்டு நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. இயன்முறைச் சிகிச்சைக்கு வர மறுக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார். மனநல மருத்துவர் என்ற முறையில் நான் சென்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

கட்டிலருகே நின்றிருந்த அவருடைய தந்தை என்னைத் தனியே அழைத்துச் சென்று, சற்று வெட்கத்துடன் சொன்னார்: "பெரிதாக ஒன்றும் இல்லை டாக்டர் ஐயா. செல்போனில் ஏதோ இங்கிலீஷ் படத்தைத் தமிழில் பார்த்தான். அன்றிலிருந்துதான் இப்படி. ஒரு சினிமாவுக்காக அழுகிறான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன்."

அந்தப் படம் 'அவதார்'. (அவ்விளைஞரின் ஒப்புதலைப் பெற்றே இதை எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

படத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பழைய செய்தியொன்று நினைவுக்கு வந்தது. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய அவதார் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. பண்டோரா என்னும் கற்பனைத் துணைக்கோளில், இரவில் தானே ஒளிரும் காடுகளும், வானில் மிதக்கும் மலைகளும், அக்காட்டோடு உயிர்ப்பிணைப்புக் கொண்ட நாவி என்னும் நீலநிற மக்களும் அதில் காட்டப்பட்டார்கள். அடுத்த மாதமே, அதாவது 2010 ஜனவரியில், அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் ஒரு வியப்பான நிகழ்வைப் பேசத் தொடங்கின. படத்தைப் பார்த்துத் திரும்பிய ரசிகர்கள் சிலர், தங்களைச் சுற்றியுள்ள உலகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது என்றும், பண்டோராவுக்கு ஒருநாளும் போக முடியாது என்ற எண்ணம் தாங்க முடியாததாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். உயிர்வாழும் விருப்பமே குறைந்துவிட்டதாகவும் ஓரிருவர் எழுதியிருந்தார்கள். பலர் நகைத்தார்கள். நானும் அந்நாளில் அச்செய்தியைப் படித்துவிட்டுப் புன்னகைத்தவன்தான்.

இன்று அவ்வாறு புன்னகைக்க என்னால் இயலவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அழகான கற்பனை உலகமொன்றிலிருந்து திரும்பும்போது மனம் கனப்பது நோயன்று. பொன்னியின் செல்வனை வாசித்து முடித்தபின் சில நாட்கள் வேறு எதிலும் மனம் ஒட்டாமல் இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். வந்தியத்தேவன் கற்பனை மெருகேறிய பாத்திரம் என்று தெரிந்தும், அவனைப் பிரிந்த வருத்தம் மெய்யாகவே இருந்தது. அறிவு 'இது கதை' என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும், உணர்ச்சி அதற்காகக் காத்திருப்பதில்லை. அவதார் போன்ற படத்தில் இது இன்னும் வலுவாக நிகழ்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக, இருளில், முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, வேறெதுவும் கண்ணில் படாமல் நாம் அந்நிலத்தில் உலவுகிறோம். அங்குள்ள ஒவ்வோர் இலையும் நம்மைக் கவர்வதற்கென்றே வரையப்பட்டது. வெளியே வந்தால் வாகன நெரிசல், மின்கட்டணம், நாளைய வேலை. வேறுபாடு உறைக்காமல் எப்படி இருக்கும்? படத்தின் நாயகனுக்கே, எது கனவு, எது நனவு என்பது ஒரு கட்டத்தில் தலைகீழாகிவிடுகிறது.

இந்த உணர்வுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: ஏக்கம். குழந்தை மெலிந்தால் 'ஏங்கிப்போய்விட்டது' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மனத்தின் இழப்பு உடலை வாட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மேற்கு நாட்டு மருத்துவமும் இதை அறியாததன்று. 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த மண்ணைப் பிரிந்தவர்களை வாட்டும் துயரை ஒரு நோயாகவே விவரித்து, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். அவர் கண்டவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. பண்டோராவுக்கு ஏங்குபவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

ஆகவே குடும்பத்தார் இரண்டு பிழைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, 'வெறும் சினிமா' என்று எள்ளி நகையாடுவது. மற்றொன்று, படமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டிப் படத்தைப் பறித்துவிடுவது. பார்ப்பதற்கு நேரெதிரானவை போல் தோன்றினாலும், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அந்த மனிதரிடம் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதைத் தவிர்த்துவிடுகின்றன.

இப்பிழையை மற்றவர்மேல் மட்டும் சுமத்த எனக்கு உரிமை இல்லை. முதல் நாள் அந்த இளைஞரிடம் நான் பத்து நிமிடமே இருந்தேன். அவர் பேசவில்லை. 'படம் பார்த்ததால் வந்த தற்காலிக வருத்தம். ஆறுதல் கூறப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்தேன். மாலையில் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவதார் படத்தின் நாயகன் ஜேக் சல்லி ஒரு முன்னாள் போர்வீரன்; தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருப்பவன். அதே காயத்துடன் படுத்திருக்கும் ஒருவர் அப்படத்தைப் பார்த்து அழுகிறார். நானோ அதைச் 'சினிமா வருத்தம்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒரே கேள்வியைக் கேட்டேன்: "தம்பி, அந்தப் படத்தில் எந்த இடம் உங்களுக்கு மறக்கவில்லை?"

நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "புது உடம்பில் எழுந்ததும் வெளியே ஓடுவான் சார். ஓடி நின்று கால்விரல்களை மண்ணுக்குள் புதைப்பான். அந்த இடம்." சற்று நேரம் சென்றபின் மேலும் சொன்னார்: "கடைசியில் அவனுக்கு அந்த உடம்பே நிலைத்துவிடுகிறது. எனக்கு எது சார் நிலைக்கும்?"

காயம்பட்டு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. 'நான் மறுபடி நடப்பேனா?' என்று அவர் அதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தந்தை உடைந்துபோவார் என்று அஞ்சினார். தந்தையோ, உண்மை தெரிந்தால் மகன் உடைந்துபோவான் என்று அஞ்சி, 'மூன்று மாதத்தில் எழுந்துவிடுவாய்' என்று சொல்லிவந்தார். மருத்துவர்களாகிய நாங்களும், அவரே கேட்கட்டும் என்று இருந்துவிட்டோம். யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை அந்தப் படம் அவர் முன்னால் வைத்துவிட்டது. அவர் அழுதது பண்டோராவுக்காக மட்டும் அன்று.

இரண்டு நாட்களுக்குப் பின், அறுவைச் சிகிச்சை நிபுணரும், இயன்முறைச் சிகிச்சையாளரும், தந்தையும், நானும் அவருடன் அமர்ந்து பேசினோம். இன்றைய மருத்துவ நிலையில் தம் கால்களால் நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொன்னோம். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவது, சிறுநீரைத் தாமே கவனித்துக்கொள்வது, படுக்கைப்புண் வராமல் காப்பது, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுவது, உட்கார்ந்து செய்யக்கூடிய தொழிலுக்குத் திரும்புவது ஆகியவை முடியும் என்பதையும் சொன்னோம். அன்று தந்தையும் மகனும் சேர்ந்து அழுதார்கள். விபத்துக்குப் பின் அவர்கள் ஒன்றாக அழுதது அதுவே முதல் முறை என்று பின்னர் அறிந்தேன்.

இவ்வாறு பேசியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். முறையாக விசாரித்தபோது, படம் பார்ப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே அவருக்கு உறக்கம் கெட்டிருந்தது தெரியவந்தது. அது மனச்சோர்வு நோய். அதற்கு மருந்தும் தந்தேன், தொடர்ந்து பேச்சுவழிச் சிகிச்சையும் அளித்தோம். நோயைப் படம் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

எனவே, சாதாரண ஏக்கத்தையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பீர்கள். படத்தையோ கதையையோ ஒட்டிய வருத்தம் சில நாட்களில் தானே தணியும். நடுவில் ஒரு நண்பர் வந்தால் முகம் மலரும். பிடித்த உணவு சுவைக்கும். அவ்வாறன்றி, ஏறத்தாழ நாள் முழுவதும் தாழ்ந்த மனநிலையோ, எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனுடன் உறக்கக்கேடு, பசியின்மை, ஓயாத களைப்பு, தான் பயனற்றவன் என்ற எண்ணம் ஆகியவையும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றே அழைத்து வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

'நோயாளிக்கு ஏன் இந்தக் கற்பனைப் படங்கள், மனத்தைக் கெடுக்கத்தானே?' என்று கேட்போரும் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு, ஒளிரும் காடொன்றில் இரண்டு மணி நேரம் உலவுவது ஆடம்பரமன்று. ஆனால் உறக்கத்தையும் உணவையும் சிகிச்சையையும் விட்டுவிட்டு, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் நாட்கள் கழிந்தால், அப்போது கவனிக்க வேண்டும். அப்போதும் செல்போனைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசிப் பாருங்கள்.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். அவருடன் அமர்ந்து அப்படத்தை நீங்களும் பாருங்கள். எந்த இடம் பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். விடையில் அவர் இழந்தது என்ன, வேண்டுவது என்ன என்பது இருக்கும். ஒருவருக்கு அது மரஞ்செடிகள். அவரை மாலையில் வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்லலாம். இன்னொருவருக்கு அது தம்மைத் தம்மவர் என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு கூட்டம். அவருக்குத் தேவை பார்வையாளர்கள். அவதார் ரசிகர்களிலும் சிலர் தங்கள் ஏக்கத்தை நாவி மொழி கற்பதாக மாற்றிக்கொண்டார்கள். பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர் அப்படத்துக்காக உருவாக்கிய அம்மொழி, உலகின் பல மூலைகளில் இருந்தவர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தது. போக முடியாத ஊரை நினைத்தவர்களுக்கு அதனால் மெய்யான நண்பர்கள் கிடைத்தார்கள்.

அந்த இளைஞர் இப்போது வீட்டில் இருக்கிறார். நடக்கவில்லை. மின்விசிறி, மிக்சி பழுதுபார்க்கும் வேலையைத் திண்ணையில் அமர்ந்து செய்யத் தொடங்கியிருக்கிறார். மருந்து தொடர்கிறது. சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, 2022இல் வெளிவந்த அவதாரின் இரண்டாம் பாகத்தைத் தந்தையுடன் சேர்ந்து பார்த்ததாகச் சொன்னார்.

"எப்படி இருந்தது ஐயா?" என்று தந்தையிடம் கேட்டேன்.

"கதை பாதிதான் விளங்கியது டாக்டர் ஐயா. ஆனால் அந்தக் கடல் நன்றாக இருந்தது" என்றார். "எங்கேயாவது கடலுக்கு இவனைக் கூட்டிப்போக வேண்டும். நாற்காலி மணலில் போகுமா?"

மணலில் ஓடக்கூடிய அகன்ற சக்கர நாற்காலிகள் இருக்கின்றன என்று சொன்னேன். எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.