பூம்பாவையும் ஒரு பேத்தியும்

மயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் என்றதும், பிற்பகலில் வீதிவலம் வரும் அறுபத்துமூவரே நம் நினைவுக்கு வருவர். அன்று காலையிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தப் பெருமானும் சிவநேசரும் திருக்குளக்கரைக்கு எழுந்தருள, சாம்பலும் எலும்புமாய் இருந்த பூம்பாவை உயிர்பெற்ற அருட்செயல் அங்கே நடத்திக் காட்டப்பெறும்.

மாடவீதியை அடுத்து வாழும் முதிய தம்பதியர் ஒருவரை நெடுங்காலமாக அறிவேன். அவர் என்னுடன் மாலைதோறும் பிராகாரம் வலம் வரும் நண்பர். பிற்பகல் வீதிவலத்தைத் தவறவிடாத அவ்விருவரும், சில ஆண்டுகளாகக் காலை நிகழ்ச்சிக்கு மட்டும் வருவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் பேத்தி ஆறு வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தாள். பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு இதே பிராகாரத்தில் சுற்றிய குழந்தை. நந்தியின் காதில் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள்.

துக்கம் விசாரிக்கச் சென்றபோது நான் ஒரு பிழை செய்தேன். “அவளைப் பற்றியே பேசிக்கொண்டிராதீர்கள், அம்மா. மறந்தால்தான் பிள்ளையும் மருமகளும் தேறுவார்கள்” என்றேன். வந்தவர் பலரும் அவ்வாறே கூறினர். குழந்தையின் படம் அலமாரிக்குள் சென்றது. பட்டுப் பாவாடை பரண் ஏறியது. அவள் பெயர் அவ்வீட்டில் ஒலிப்பது நின்றது.

பெரியோர் மறைந்தால் நமக்குத் திதி உண்டு; ஆண்டுக்கொரு நாள் அவர் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். சிறு குழந்தைகளுக்கு ஆண்டுத் திதி கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இல்லை. பாசமற்ற வழக்கம் என்று அதைச் சொல்லேன். குழந்தைக்குக் கழிக்க வேண்டிய கடன் ஏதுமில்லை என்று முன்னோர் எண்ணியிருக்கலாம். ஆயினும் பெற்றோருக்கும் பாட்டி தாத்தாவுக்கும் அழுவதற்கென ஒரு நாள் இல்லாமற் போகிறது.

பின்னொரு நாள் பெரியபுராணத்தில் சிவநேசர் வரலாற்றை மீண்டும் வாசிக்க நேர்ந்தபோது, என் அறிவுரையை எண்ணி நாணினேன். மலர் கொய்யச் சென்ற மகளை அரவம் தீண்டியது. மணிமந்திரம் வல்லோர் எவராலும் மீட்க இயலவில்லை. அவர் செய்தது என்ன? எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார். அதற்குப் பட்டும் முத்தும் அணிவித்தார், பஞ்சணை இட்டார், நாள்தோறும் அமுது படைத்தார். “மறந்துவிடுங்கள்” என்று மயிலையில் எவரேனும் அவரிடம் கூறியிருக்கக்கூடும். அவர் கேட்கவில்லை. சம்பந்தப் பெருமானும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குடத்தைக் கொணரச் செய்தார். இரண்டாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தில் பாடல்தோறும் அக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பாராமலா போகிறாய் என்று வினவுகிறார். பிள்ளையை இழந்த வீட்டில் கார்த்திகை தீபம் ஏற்றும் தாயின் மனத்தில் எழும் கேள்வியும் அதுவே அன்றோ?

“சிவநேசருக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?” என்று நண்பர் ஒருமுறை கேட்டார். வினைப்பயன் என்று விடையிறுக்கப் பலர் உளர். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன் அவ்விடையைச் சொல்லாதிருப்பதே நன்று. நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

இழந்தவரை மறவாத இன்னொருவரும் நம் நகரில் வாழ்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் சுமந்தார். 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவும் பின்னர் அங்கே அமைந்தது. டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டார். இரத்தப் புற்று என்றால் குழந்தை பிழையாது என்றிருந்த காலம் மாறி, உரிய நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் மருத்துவத்தை முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று நலம் பெறுகின்றனர். நண்பரின் பேத்தி அந்தப் பெரும்பாலோருள் ஒருத்தியாகவில்லை.

சென்ற ஐப்பசியில் நான் அவர்கள் இல்லம் சென்று, முன்பு சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று படத்தை எடுத்து வந்து என் கையில் தந்தார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். குழந்தைக்குப் பிடித்த வெண்பொங்கல், தலைமுடி உதிர்ந்தபோது தாத்தாவுக்கும் தனக்கும் ஒரே மொட்டை என்று அவள் சிரித்தது, அனைத்தையும் சொன்னார். மருமகளும் வந்து அமர்ந்தாள். இடையிடையே அழுகை, ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தும்விட்டோம்.

பூம்பாவைப் பதிகத்தின் முதற்பாடல் சொல்லும் விழா எது என்று அம்மையார் கேட்டார். அடியார்க்கு அமுது படைக்கும் விழா என்றேன்.

மறுவாரம் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தனர். பூம்பாவை சந்நிதியில் மாலை சாத்தியபின், அன்னதானத்துக்குப் பணம் கட்டச் சென்றனர். யார் பெயரில் என்று எழுத்தர் கேட்டார். அம்மையார் குழந்தையின் பெயரைத் தெளிவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

“குழந்தைக்குப் பிறந்த நாளா, பாட்டி?” என்றார் அந்த இளைஞர், ரசீதை எழுதியவாறே.

“ஆமாம் தம்பி, இன்றைக்குத்தான்” என்றார் அவர்.